செங்கல் கணப்பு புகையை இழுக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

சமவெளியிலிருந்து உதகமண்டலத்துக்குக் குடிவருபவர்கள் முதல் வாரத்திலேயே கவனிப்பது, குக்கர் இல்லாமல் இங்கே துவரம்பருப்பு லேசில் வேகாது என்பதைத்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கே என்பதால், தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பைத் தாமதப்படுத்தும் அதே மெலிந்த காற்றுதான் நாம் கட்டிய கணப்பின் புகைபோக்கியையும் பலவீனப்படுத்துகிறது. வெளிநாட்டு வரைபடத்தை அங்குலம் பிசகாமல் பின்பற்றிக் கட்டிய பிறகும் இங்கே வீட்டுக்குள் புகை திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே நான் எழுதுவது, பழைய பங்களாக்களில் காணும் திறந்த கணப்பைப் பற்றி அன்று. எரியறையில் எழும் சூடான புகையைச் செங்கல் பாதைகளில் மேலும் கீழுமாகச் சுற்றவிட்டு, அதன் வெப்பத்தைச் செங்கலில் தேக்கிக்கொண்டு, கடைசியில் புகைபோக்கிக்கு அனுப்பும் கனத்த அடுப்பைப் பற்றியது. ஃபின்லாந்திலும் ரஷ்யாவிலும் ஆஸ்திரியாவிலும் நூற்றாண்டுகளாக வழக்கத்தில் உள்ள முறை இது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் நன்றாக எரித்து நிறுத்திவிட்டால், விடியும்வரை சுவர் இதமான சூட்டைத் தந்துகொண்டிருக்கும். செங்கல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் புகைபோக்கியின் அடியை அடையும்போது புகை பெரும்பாலும் 120 முதல் 200 டிகிரிக்குள் ஆறியிருக்கும். இரும்பு அடுப்பின் கொதிக்கும் புகையைப் போல அது தானே சீறி மேலேறாது. ஆகவே இந்த வகைக் கணப்பில் சிறு பிழையும் உடனே புகையாகத் தெரிந்துவிடும்.

கணக்கு ஒன்றைப் பார்த்துவிட்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதில் விளங்கும். 5 மீட்டர் உயரப் புகைபோக்கி, உள்ளே 150 டிகிரிப் புகை, வெளியே 10 டிகிரிக் குளிர் என்று வைத்துக்கொண்டால், கடலோரத்தில் புகையை மேலே இழுக்கும் அதன் பலம், அதாவது இழுவை, ஏறத்தாழ 20 பாஸ்கல் இருக்கும். அதே புகைபோக்கிக்கு உதகையில் 15 பாஸ்கல்தான் கிடைக்கும். 15 பாஸ்கல் என்பது ஒன்றரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். நாம் கட்டிய எல்லா வளைவுகளையும் இடுக்குகளையும் தாண்டிப் புகையை வெளியே கொண்டுபோக நம்மிடம் இருக்கும் பலம் அவ்வளவே. கொடைக்கானலும் 2100 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் அங்கும் நிலை ஏறத்தாழ இதுதான். குன்னூர், கோத்தகிரியில் கொஞ்சம் தேவலை.

சோதனையில் இறங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சரியாக இழுக்காத கணப்பு, கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் விடக்கூடியது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் விடியலில் உயிரோடு இல்லை என்ற செய்தி நம் மலைகளிலிருந்து வருவது புதிதன்று. பிழை தீரும்வரை இரவில் கணப்பை எரியவிட்டுத் தூங்கச் செல்லாதீர்கள். சோதனையின்போது சன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறையில் மாட்டுங்கள். கணப்பில் செலவிட்ட செங்கலின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை.

பற்ற வைக்கும்போது மட்டும் புகை திரும்புகிறது. பத்து, இருபது நிமிடத்தில் சரியாகிவிடுகிறது

அடுப்பில் பிழை இல்லை. புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது. இரவுப் பனியில் குளிர்ந்த செங்கலுக்குள் 9 டிகிரிக் காற்று தேங்கியிருக்க, காலை வெயிலில் வெளிக்காற்று 16 டிகிரிக்கு ஏறிவிட்டால், புகைபோக்கிக்குள் இருக்கும் காற்றே கனமானது. அது கீழ்நோக்கி வழியும். அதன் பலம் ஒரு பாஸ்கல் அளவுதான் என்றாலும், அப்போதுதான் பற்றிய சுள்ளியின் புகையை அறைக்குள் தள்ள அது போதும். ஜனவரியில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்து, ஒன்பது மணிக்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும் நாட்களில் இந்தத் தொல்லை மிகுதி. அதே கணப்பு மாலை ஆறு மணிக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் பற்றிக்கொள்வதைக் கவனித்தால் காரணம் உறுதியாகிவிடும்.

பற்ற வைப்பதற்கு முன் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, திறந்த எரியறைக் கதவின் மேல்விளிம்பில் பிடித்துப் பாருங்கள். ஊதுபத்திப் புகை உள்ளே சாய்ந்தால் தாராளமாகப் பற்ற வைக்கலாம். உங்கள் முகத்தை நோக்கி வந்தால், விறகைத் தொடாமல் முதலில் புகைபோக்கியைச் சூடாக்க வேண்டும். புகைபோக்கியின் அடியில் கரி எடுப்பதற்கென்று விட்டிருக்கும் சிறு வாயைத் திறந்து, கசக்கிய செய்தித்தாள் இரண்டு மூன்றை அங்கே கொளுத்திவிட்டு உடனே மூடுங்கள். உள்ளே குபுகுபுவென்று இரையும் ஓசை கேட்டால் காற்று மேலே திரும்பிவிட்டது என்று பொருள். அதன் பிறகு எரியறையில் மெல்லிய காய்ந்த சுள்ளிகளை விறகுக்கு மேலே அடுக்கி, மேலிருந்து கீழாகப் பற்ற வையுங்கள். கீழிருந்து பற்ற வைத்தால் விறகு முழுவதும் ஒரே சமயத்தில் புகையத் தொடங்கும். குளிர்ந்த புகைபோக்கி அவ்வளவு புகையைத் தாங்காது.

சுற்றுப்பாதையைத் தவிர்த்துப் புகையை நேராகப் புகைபோக்கிக்கு விடும் நேர்வழித் தகடு ஒன்றைக் கட்டும்போதே வைத்திருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். வைக்காதவர்கள் பின்னாலும் வைக்கலாம். எரியறையின் கூரைக்கு அருகே, புகைபோக்கியை ஒட்டி ஒரு செங்கலை எடுத்தால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். புகைபோக்கி வீட்டுக்கு வெளியே, வெளிச்சுவரை ஒட்டி ஏறினால் அது என்றைக்கும் குளிர்ந்தே கிடக்கும். அதைச் சுற்றிக் காப்புப் போர்வை போட்டு மேலே தகரம் அடிப்பதே மிச்சமிருக்கும் வழி.

எப்போதும் மந்தம், ஒரு மணி நேரம் எரிந்த பிறகும் கதவைத் திறந்தால் புகை வெளியே வருகிறது

இதுதான் கடினமான அறிகுறி. அவசரப்பட்டு இடித்துவிடுகிறவர்களும் இங்கேதான் மிகுதி. புகைபோக்கி சூடான பிறகும் இழுவை வரவில்லை என்றால், வழி எங்கோ குறுகலாக இருக்கிறது, அல்லது குளிர்ந்த காற்று எங்கிருந்தோ நடுவில் புகுந்து புகையை ஆற்றுகிறது.

முதலில் குழாயின் அளவைப் பாருங்கள். கடையில் நான்கு அங்குலக் குழாய் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதையே வாங்கி வைத்துவிடுகிறார்கள். நான்கு அங்குல வட்டத்தின் பரப்பு ஆறு அங்குல வட்டத்தின் பரப்பில் பாதிகூட இல்லை. எங்கள் கணப்பைக் கட்டிய கொத்தனாரும், “சின்னப் பைப்பா இருந்தா புகை வேகமா ஓடும் சார், பெருசு வேண்டாம்” என்றுதான் சொன்னார். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்து வரும் எண்ணம் இது. அங்கே பின்னால் மோட்டாரின் பலம் தள்ளுகிறது. இங்கே பின்னால் இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீரின் பலம். மெலிந்த காற்றில் அதே அளவு விறகை எரிக்கக் கூடுதல் கன அளவு காற்று உள்ளே வந்து வெளியேற வேண்டியிருப்பதால், சமவெளி வரைபடத்தில் ஆறு அங்குலம் என்றிருந்தால் மலையில் ஏழோ எட்டோ வைப்பதே சரி என்பது என் முடிவு.

கல்நார் சிமென்ட் குழாய் சூட்டில் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயை எரியறைக்கு அருகில் வைக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது உள்வழி. எங்கள் வீட்டுக் கணப்பு முதல் குளிர்காலம் முழுவதும் புகைந்துகொண்டே இருந்தது. புகைபோக்கியை இரண்டடி உயர்த்தினோம்; மூடியை மாற்றினோம்; விறகை மாற்றினோம்; ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கீழிறங்கும் பாதையின் அடியில் இருந்த கரி வாயைத் திறந்து, சவரக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கட்டும்போது கரண்டியிலிருந்து விழுந்த சாந்தெல்லாம் அந்தத் திருப்பத்தில் குவிந்து, புற்று மாதிரி இறுகியிருந்தது. அதன் மேல் ஒரு அரைச் செங்கல் குறுக்கே விழுந்து கிடந்தது. செங்கல் வரிசைகளின் இடுக்குகளில் பிதுங்கிய சாந்து துடைக்கப்படாமல், பல் வரிசை போல உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் அகலம் இருக்க வேண்டிய வழியில் என் நான்கு விரல் சேர்ந்து நுழையவில்லை. இரண்டு செங்கலைப் பெயர்த்து, உளியால் தட்டித் தட்டி எடுத்தபோது இரண்டு சட்டி நிறைந்தது. அன்று மாலை எரியறைக் கதவை முழுக்கத் திறந்து வைத்தும் ஒரு இழை புகைகூட அறைக்குள் வரவில்லை.

ஆகவே எதையும் உயர்த்துவதற்கும் மாற்றுவதற்கும் முன், ஒவ்வொரு திருப்பத்தையும் கண்ணால் பாருங்கள். பார்ப்பதற்கு வாய் இல்லாத திருப்பம் இருந்தால் ஒரு செங்கலை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு களிமண் சாந்தில் அதைத் திரும்ப வைப்பது அரை மணி நேர வேலை. புகை கீழிறங்கி மறுபடி மேலேறும் அடித் திருப்பத்தில் வழியின் பரப்பு மற்ற இடங்களைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். சாம்பல் முதலில் தங்குவதும் புகை முதலில் திணறுவதும் அங்கேதான். புதிதாகக் கட்டுபவர்கள், ஒவ்வொரு வரிசை வைத்ததும் ஈரச் சாக்கைக் கட்டையில் சுற்றி உட்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும் என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே நின்று பார்ப்பதும் நல்லது.

வழி தெளிவாக இருந்தும் மந்தமாக இருந்தால் கசிவைத் தேட வேண்டும். கணப்பு எரியும்போது அதன் உள்ளே அழுத்தம் அறையைவிடக் குறைவு. ஆகையால் விரிசல் வழியே புகை வெளியே வருவதைவிட அறைக் காற்று உள்ளே போவதே வழக்கம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் புகை ஆறி இழுவை செத்துவிடும். நன்றாக எரியும் நேரத்தில் ஊதுபத்தியை விரிசல்கள், கரி வாய்களின் மூடி விளிம்புகள், குழாய் சுவருக்குள் நுழையும் இடம் ஆகியவற்றை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே சட்டென்று உள்ளே இழுபடுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். கரி வாயின் மூடிதான் பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும். ஓரத்தில் கண்ணாடி இழைக் கயிறு வைத்து மூடினால் தீர்ந்துவிடும். எரியறையைச் சிமென்ட் சாந்தில் கட்டியிருந்தால் அது சூட்டில் உதிர்ந்து மறுபடி மறுபடி விரிசல் விடும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துக் களிமண்ணும் மணலும் கலந்த சாந்தால் அடைப்பதுதான் நிலைக்கும்.

பழைய பங்களாப் புகைபோக்கியில் இணைத்த கணப்பு இழுக்கவில்லை

ஆங்கிலேயர் காலத்து வீடுகளில் உள்ள புகைபோக்கிகள் திறந்த கணப்புக்காக அகலமாகக் கட்டப்பட்டவை. 14 அங்குலச் சதுரத் துளை என்றால் பரப்பு 196 சதுர அங்குலம். ஆறு அங்குலக் குழாய்க்கு வேண்டியது 28. நம் கணப்பின் ஆறிய புகை அந்தப் பெரிய குளிர்ந்த கூண்டுக்குள் நுழைந்ததும் விரிந்து, மேலும் ஆறி, நகர மனமில்லாமல் நின்றுவிடும். உள்ளே எஃகுக் குழாய் ஒன்றை உச்சிவரை இறக்கி, சுற்றிலும் உள்ள இடத்தை வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் காப்புத் துகளால் நிரப்புவது தவிர இதற்குச் சுருக்கமான தீர்வு கிடையாது. அடுத்த அறையின் பழைய கணப்பும் அதே கூண்டைப் பயன்படுத்துகிறதா என்றும் பார்த்து, அந்த வாயை அடைத்துவிடுங்கள்.

சன்னலைத் திறந்தால் நன்றாக எரிகிறது, மூடினால் புகைகிறது

கணப்புக்குக் காற்று போதவில்லை. குளிருக்காக ஓட்டை ஒடிசலை எல்லாம் அடைத்துவிட்ட வீடுகளிலும், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் வீடுகளிலும் இது வரும். ஃபேனை நிறுத்திப் பாருங்கள். மாடி உள்ள வீட்டில் மேலே சன்னலோ வென்டிலேட்டரோ திறந்திருந்தால், சூடான காற்று அந்த வழியே ஏறி வீடே ஒரு புகைபோக்கியாகிவிடும். அதை மூடிவிட்டுக் கீழே, காற்று வரும் பக்கத்துச் சன்னலைச் சற்றே திறக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு, வெளிச்சுவரைத் துளைத்து நான்கு அங்குலக் குழாய் ஒன்றை எரியறைக்கு அருகே கொண்டுவந்து, எலி வராதபடி வலை அடிப்பது.

காற்றடிக்கும் நாளில் மட்டும் குப்பென்று புகை திரும்புகிறது

புகைபோக்கியின் உச்சி, அது கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடி உயரத்திலும், பத்தடி தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் இரண்டடி உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கட்டட விதி. நம் வீடுகளோ சரிவை வெட்டி அமைத்தவை. பின்னால் மேடும், மேட்டின் மேல் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் நிற்கும். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று மேட்டைத் தாண்டிக் கீழே விழும்போது புகைபோக்கியின் வாயை அழுத்திவிடும். மேட்டைவிட உயரமாகக் கட்டுவது நடக்காத காரியம் என்பதால், காற்றுத் தடுப்பு மூடி பொருத்துங்கள். எச் வடிவக் குழாய் மூடியும் வேலை செய்யும். தட்டைத் தகர மூடி வைப்பவர்கள் அதை வாயோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். ஆறு அங்குலக் குழாய்க்கு மூன்று அங்குல இடைவெளியாவது வேண்டும்.

விறகு சீறுகிறது, கதவுக் கண்ணாடி கருக்கிறது, புகைபோக்கியின் அடியில் பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது

கணப்பு கட்டி முதல் மாதமென்றால் இது சாந்திலும் செங்கலிலும் உள்ள ஈரம். இரண்டு வாரத்துக்கு நாளுக்கு இரண்டு முறை, ஒன்று அல்லது இரண்டு கிலோ சுள்ளியில் சிறு தீ மட்டும் போடுங்கள். பொறுமையில்லாமல் பெரிய தீ போட்டால் நீராவி செங்கலைப் பிளந்துவிடும். கணப்பு பழையதென்றால் குற்றம் விறகுடையது. பத்துக் கிலோ விறகில் நாற்பது சதவீதம் ஈரம் என்றால், நான்கு லிட்டர் தண்ணீரை எரியறையில் ஊற்றிக் கொதிக்க வைக்கிறோம். எரியறை சூடேறாது, புகை முழுதாக எரியாது, தார் படியும், இழுவையும் குறையும். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். விறகைப் பிளந்து உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு கட்டையை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்கக் கூடாது.

மூடுபனியில் கிடக்கும் விறகு எத்தனை மாதமானாலும் காயாது என்பதை மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீகையானாலும் கற்பூர மரமானாலும் பச்சையாக இருக்கும்போதே பிளந்து, மேலே கூரை போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்குங்கள். கற்பூர மரம் காய்ந்த பிறகு கோடாலிக்கு எளிதில் மசியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும் என்பதால், அடுத்த குளிர்காலத்து விறகுக்கு இந்தக் குளிர்காலத்திலேயே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்த குச்சிகள் கிடைத்தால் விடாதீர்கள். காய்ந்தவை சுறுசுறுப்பாக எரிந்து புகைபோக்கியை விரைவில் சூடாக்கும்.

முதல் இரண்டு ஆண்டு நன்றாக இருந்தது. இப்போது மெல்ல மெல்லக் குறைகிறது

கரியும் சாம்பலும் அடைத்திருக்கிறது, அல்லது உச்சியில் மைனா கூடு கட்டியிருக்கிறது. இரண்டையும் பார்த்துத் துடைத்த பிறகும் குறைவு நீடித்தால் மேலே சொன்ன, கசிவைத் தேடும் ஊதுபத்திச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கரி மெல்லிய தூளாக இருந்தால் கவலையில்லை. பளபளப்பான தாராகப் படிந்திருந்தால், விறகை மிச்சம் பிடிக்க யாரோ காற்று வழியைக் குறைத்து எரித்திருக்கிறார்கள். இந்தக் கணப்பை அப்படி எரிக்கக் கூடாது. காற்று வழியை முழுக்கத் திறந்து வேகமாக எரித்துவிட்டு, தணலில் நீலச் சுடர் அடங்கி, கங்கு கறுத்த பிறகுதான் புகைபோக்கி வழியை அடைக்கும் டாம்பர் தகட்டை மூட வேண்டும். அப்போதும் தகட்டில் ஒரு சிறு இடைவெளி இருக்கட்டும்.

புகை நன்றாகப் போகிறது. ஆனால் சுவர் சூடாகவில்லை

நேர்வழித் தகடு முழுதாக மூடவில்லை, அல்லது உள்தடுப்பில் ஒரு செங்கல் பெயர்ந்து புகை சுற்றாமல் குறுக்கே ஓடுகிறது. புகைபோக்கியின் அடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 200 டிகிரிக்கு வெகு மேலே காட்டும். தகட்டின் விளிம்பில் படிந்த கரியைச் சுரண்டி மூடிப் பாருங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, எரியறையின் பக்கத்திலிருந்து தடுப்புச் சுவரை வரிசை வரிசையாகப் பார்த்துவர வேண்டும்.